இசைத்தட்டில் விழுந்த ழகரம்

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘ழகரம்’. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்கிக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். பிழை திருத்துவது அவர் வேலை. பாடப்புத்தகம், மருந்து விளம்பரம், இரங்கல் செய்தி என்று எது வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அச்சுக் கோப்பவர்கள் ஒரு ளகரத்தை இடம் மாற்றி வைத்துவிட்டால் போதும், தாளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மேஜைக்கே போய் நிற்பார். ‘பளம்’ என்று கூவி விற்கிறவரிடம் பழம் வாங்க மாட்டார். “இனிச்சாப் போதாதா சார்?” என்று கடைக்காரர் கேட்டால், “அது என்னன்னு முதல்ல ஒழுங்காச் சொல்லுங்க, அப்புறம் இனிக்குதான்னு பாக்கலாம்” என்று பதில் சொல்லிவிட்டு வெறும் பையோடு வீட்டுக்குப் போவார். வீட்டில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆனாலும் திருந்தவில்லை.

இந்த மனிதர்தான் பாட்டும் எழுதினார்.

கிராமபோன் பெட்டிகள் வீடுகளுக்குள் நுழைய ஆரம்பித்த காலம் அது. கம்பெனிக்காரர்களுக்குப் புதுப் பாட்டு வேண்டும், அதுவும் தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பெரிய புலவர்களிடம் கேட்டால் முதல் அடியிலேயே தட்டு தீர்ந்துவிடும். ழகரம் அப்படி இல்லை. விளம்பரத் தாளின் ஓரத்தில் இடம் பார்த்து எழுத்தைச் சுருக்கிப் பழகிய கை. அச்சகத்துக்கு விலைப்பட்டியல் அடிக்க வந்த கம்பெனி மானேஜர் அவரைப் பிடித்துக்கொண்டார். தட்டின் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதத்தில் பாடுகிறவர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. ழகரம் அதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. தான் எழுதிய சொல் பிழையில்லாமல் ஊர் ஊராகப் போகிறது, அது போதும் என்று இருந்தார். அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு நாக்கை மடித்து ழகரம் சொல்லிக் கொடுத்தவர் அவர். மற்ற பிள்ளைகள் மழலை பேசும் வயதில் இவள் ‘மழலை’ என்ற சொல்லையே சுத்தமாகச் சொல்லுவாள். அச்சகம் விட்டு அவர் வருகிற நேரம் தெரிந்தால் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கதவின் அடியில் ஒரு சந்து. அதில் அவளுடைய இரண்டு பாதங்களும் பளிச்சென்று தெரியும். பிழையைத் தேடிப் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர், அந்தக் கால்களை மட்டும் பார்க்கவே மாட்டார். அடுப்படியில் தேடுவார், கட்டிலுக்கடியில் குனிவார், தண்ணீர்ப் பானை மூடியைத் திறந்து பார்ப்பார். “அந்தக் கழுதை கதவுக்குப் பின்னாலதானே நிக்குது, கண்ணா இது, புண்ணா?” என்று மனைவி சத்தம் போட்டாலும் காதில் விழாத மாதிரியே தேடுவார். கடைசியில் அவளே பொறுக்க முடியாமல் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள்.

அந்தக் கால்களைத்தான் பாட்டாக எழுதினார்.

*ஓடி ஒளி, ஓடி ஒளி, என் கண்ணே – நான்*
*தேடி வரும் நேரமிது, என் கண்ணே.*
*கதவின் பின்னே காலிரண்டும் தெரியுதே – என்*
*கண்ணு ரெண்டும் காணாததாய் நடிக்குதே.*

எழுதி முடித்ததும் முதலில் மகளுக்குத்தான் படித்துக் காட்டினார். “இது நான்தானே?” என்றாள். “நீயேதான். பெட்டிக்குள்ள போய் நீ ஒளிஞ்சுக்கப்போறே. ஊரே உன்னைத் தேடப்போகுது” என்றார். அவள் அன்று தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பாடுவதற்கு மானேஜர் ஏற்பாடு செய்த பெண்ணுக்கு ‘வெண்கலம்’ என்று பெயர். கணீரென்ற குரல், பக்கத்துத் தெருவரை கேட்கும். நாடக மேடையில் பாடிப் பாடி வளர்ந்தவள். அவளிடம் ஒரே ஒரு குறை. நாக்கில் ழகரம் ஏறாது. மழை அவளுக்கு ‘மளை’, வாழ்வு ‘வாள்வு’. ஒத்திகைக்கு வந்த முதல் நாளே ழகரம் அவளை விடவில்லை. முதலில் வேறொரு பாட்டுப் பாடினாள். அதில் மழை வந்தது.

“என்னம்மா விழுது வானத்திலேர்ந்து? மளையா, மலையா? நனைவோமா, நசுங்குவோமா?” என்றார்.

ஆர்மோனியக்காரர் சிரித்தார். மானேஜர் சிரித்தார். வெண்கலம் சிரிக்கவில்லை. ஊரே கைதட்டின குரல். ஓர் அச்சகத்துக் குமாஸ்தா நாலு பேர் முன்னால் மூக்கை உடைத்துவிட்டான். பாட்டுத் தாளோடு வீட்டுக்குப் போனாள், மறுபடி ஒத்திகைக்கு வரவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நாக்கை மடித்து மடித்துப் பழகினாள். சமைக்கும்போது ழ, குளிக்கும்போது ழ. தாடை வலித்துச் சாப்பிட முடியவில்லை என்று அவள் அம்மா மானேஜரிடம் வந்து சண்டை போட்டாளாம். ஆனால் வைராக்கியக்காரி, விடவில்லை. பதிவு நாளன்று அவள் வாயில் ழகரம் குடியேறியிருந்தது.

பதிவு நடந்த இடம் ஒரு கிடங்கின் மாடி. நாலு சுவரிலும் கம்பளி தொங்கியது. ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்திருந்தார்கள். மின்விசிறி சத்தம் ஆகாது, சுவர்க்கடிகாரம் ஆகாது, நிற்கிறவர்கள் செருப்புக்கூட ஆகாது. சுவரிலிருந்து ஒரு பெரிய தகரக் கூம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மெழுகுத் தட்டும் அதைச் சுழற்றுகிற மெஷின்காரரும் இருந்தார்கள். அந்த மெஷின்காரருக்கு நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஊசி துள்ளாமல் ஓடினால் அவருக்கு நல்ல பாட்டு. மெழுகில் விழுந்தது விழுந்ததுதான், அழிக்க முடியாது. ஆனால் நடுவில் யாராவது இருமினாலோ தும்மினாலோ தட்டு வீண், திரும்பப் பாட வேண்டும்.

பதிவு தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாக விளக்கு எரிந்தது. வெண்கலம் கூம்புக்குள் முகத்தை நுழைத்தாள். வாயைத் திறந்தாள்.

“ஓடி ஒழி, ஓடி ஒழி, என் கண்ணே...”

ழகரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழகின நாக்கு, ளகரம் இருந்த இடத்திலும் மடிந்துகொண்டது. அவ்வளவு சுத்தமான ழகரத்தை அவர் எந்தத் தமிழாசிரியர் வாயிலும் கேட்டதில்லை. ஒளிந்துகொள் என்று குழந்தையைக் கொஞ்ச எழுதியது, தொலைந்து போ என்று விரட்டியது. கையைத் தூக்கினார். மானேஜர் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, வாயில் விரலை வைத்துக் கண்ணை உருட்டினார்.

ஒரு தும்மல் போதும். காலால் தரையில் ஒரு தட்டு போதும். ழகரம் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டு முடிகிறவரை அசையாமல் நின்றார். மனுஷன் பிறகு வாழ்நாள் முழுக்க எத்தனையோ தடவை தும்மியிருப்பார். தும்ம வேண்டிய அந்த நேரத்தில் மரியாதை பார்த்துக்கொண்டு நின்றார், பாவி.

விளக்கு அணைந்ததும் கத்தினார். “ஒளின்னு எழுதியிருக்கேன். ஒழின்னு பாடியிருக்காங்க. திரும்ப எடுங்க.”

மெஷின்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இத்தனை நாளில் இதுதான் அருமையான பதிவு என்று சைகை காட்டினார். மானேஜர் கையை விரித்தார். “ஒரு எழுத்துதானே சார். மெழுகு இனிமே கப்பல்ல வரணும். யார் கவனிக்கப்போறாங்க?”

வெண்கலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தாள். “நீங்கதானே ழ ழன்னு உயிரை வாங்கினீங்க? இப்ப ழ போட்டாலும் தப்பு, போடாட்டாலும் தப்பு. உங்களை வச்சுக்கிட்டு எப்படித்தான் ஒருத்தி குடும்பம் நடத்துறாளோ!” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று மானேஜர் சொன்னதுதான் தப்பாய்ப் போயிற்று. ஊர் முழுக்கக் கவனித்தது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவன் காலைப் பார்த்துவிட்டு ஒரு பெண் விரட்டியடிக்கிற பாட்டு என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ‘என் கண்ணே’ என்பது குத்தலாகிவிட்டது. ‘காணாததாய் நடிக்குதே’ என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீக்கடையில் பாட்டு, சலூனில் பாட்டு. வேலையை விட்டு நிறுத்தப்பட்டவனுக்குப் பின்னால் பாடினார்கள். மாமியார் ஊருக்குக் கிளம்பினால் மருமகள் முணுமுணுத்தாள். தட்டு அச்சடித்து மாளவில்லை. தெருப் பிள்ளைகள் ழகரத்தின் மகளைச் சுற்றி நின்று கும்மாளம் போட்டார்கள். “உங்கப்பா உன்னைத்தான் ஒழியச் சொல்றாரு! நீதானே சொன்னே, பாட்டு உன்னைப் பத்தின்னு?”

அழுதுகொண்டு வந்தாள். மடியில் உட்கார வைத்துச் சொன்னார். “பாடினவங்க தப்பும்மா. அப்பா எழுதினது ஒளி.” குழந்தை நம்பியது. மறுநாளும் கதவுக்குப் பின்னால் போய் நின்றது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு சங்கத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். எழுதினது யார் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். மேடையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு விளாசித் தள்ளினார். ‘கண்ணே’ என்ற கொஞ்சலுக்கு முன்னால் ‘ஒழி’ என்ற நெருப்பைக் கொண்டுவந்து வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார். முன்னோர் யாரும் செய்யாத காரியம் என்றார். பிறகு ழகரத்தின் பக்கம் திரும்பி, “அந்தச் சொல்லை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் ஐயா?” என்று கேட்டார்.

ழகரம் எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் அத்தனை முகங்கள். பாடினவள் வாய் தவறிய சொல் அது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேராசிரியர் முகத்தில் கரி. அதைவிட, சொன்னால் இவர் யார்? ஒரு பெண்ணின் நாக்கு புரண்டதால் மேடையேறிய குமாஸ்தா. முன்வரிசையில் மனைவி, அவள் பக்கத்தில் மகள், காலை ஆட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யோசிச்சுத்தான் போட்டேன். அந்த இடத்துல வேற எந்தச் சொல்லும் உக்காராது” என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. குழந்தையின் கால் மட்டும் ஆடுவதை நிறுத்தியிருந்தது.

அடுத்த நாள் அச்சகம் விட்டு வந்ததும் வழக்கம்போல் அடுப்படியில் தேடினார், கட்டிலுக்கடியில் குனிந்தார். கதவின் அடியில் கால் தெரியவில்லை. விலக்கிப் பார்த்தார். விளக்குமாறு சாய்ந்திருந்தது. மகள் திண்டில் சாய்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “அது மேடைக்காகச் சும்மா சொன்னதும்மா” என்றார். “சரிப்பா” என்றாள். அந்தச் ‘சரி’யில் எந்தப் பிழையும் இல்லை, திருத்துவதற்கு.

கம்பெனி அதன் பிறகு அவரிடம் திட்டுப் பாட்டுகளாகவே கேட்டது. எழுதினார். விரட்டுகிற பாட்டு, வைகிற பாட்டு, சண்டைப் பாட்டு. ஒன்றும் பழைய பாட்டின் கால்தூசிக்கு வரவில்லை. யாராவது அறிமுகம் செய்துவைத்தால் “அந்த ‘ஓடி ஒழி’ எழுதினவர்” என்பார்கள். அவரும் தலையாட்டுவார். ஒவ்வொரு தலையாட்டலும் அந்தப் பொய்யின் மேல் இன்னொரு கல் வைத்த மாதிரி. மனதுக்குள் மட்டும் புழுங்கிக்கொண்டிருப்பார். ஊருக்குத் தெரிய வேண்டாம். மகளுக்குத் தெரிந்தால் போதும், அந்தச் சொல் ஒளி என்று. அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், மேடையில் அந்த வாயைப் பார்த்தவள். தட்டில் பாடிக் காட்டினால்தான் நம்புவாள் என்று நினைத்தார்.

மகள் வளர்ந்தாள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, எதிர் டீக்கடையில் தினம் போடுகிற தட்டுதான், அன்றைக்கும் போட்டார்கள். ஓடி ஒழி, ஓடி ஒழி.

அவள் ஒரு நொடி நின்றாள். “நீங்க யோசிச்சுப் போட்ட சொல்லுதானேப்பா” என்றாள். பிறகு போய்விட்டாள். அம்மா மட்டும் அவ்வப்போது மகள் வீட்டுக்குப் போய் வருவாள். வந்து நலம் சொல்லுவாள், இவர் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வார்.

அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்று, கண்ணாடி கனமாகி, ஊரே அவரை மறந்த பிறகு கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கூம்பெல்லாம் போய் மைக் வந்துவிட்டது, பழைய பாட்டைப் புதுக் குரலில் எடுக்கிறோம், ஆனால் பாடுகிற பெண்ணுக்கு ழகரம் வரவில்லை, நீங்கள்தான் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

ழகரம் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனார். சின்னப் பெண். பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். “ஓடி ஒளி” என்று பாடிக் காட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க சார். எவ்வளவு முயற்சி பண்ணாலும் எனக்கு ழ வர்றதே இல்ல. எல்லாரும் இதுக்கே திட்டுறாங்க.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷம் கழித்துத் தன் சொல்லைத் தன் காதால் கேட்கிறார்! “உன் வாய்க்கு வர்ற மாதிரியே பாடும்மா. அதுதான் சரி” என்றார். அந்தப் பெண் நம்ப முடியாமல் பார்த்தாள். புது மானேஜருக்கு இரண்டு எழுத்துக்கும் வித்தியாசமே தெரியாது. பதிவு முடிந்ததும், “என்ன சார், ழ சரியா வந்துதா?” என்று கேட்டார். “வேணுங்கிறது வந்துடுச்சு” என்றார் ழகரம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

தட்டு வெளியானதும் ஒன்றை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டார். “மகளைப் பாத்துட்டு வரேன்” என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “போய்ட்டு வாங்க. அங்க போய் வாயைத் திறந்து இலக்கணம் பேசிடாதீங்க, புண்ணியமாப் போகும்” என்றாள்.

மகள் வீடு கடிகாரக் கடைக்கு மேலே, இரண்டு அறை. வாசல் கதவைத் திறந்தவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு “வாங்கப்பா” என்றாள். தலையில் நரை ஓடியிருந்தது. மருமகன் கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. “உக்காருங்க மாமா. என்ன சாப்பிடுறீங்க மாமா?” என்று பறந்தார். கடிகாரக்காரர் ஆனதால் கிராமபோனுக்கும் அவரே வைத்தியர். பெட்டி ஒன்று மேஜை மேல் பளபளவென்று இருந்தது.

துணியைப் பிரித்துத் தட்டை நீட்டினார். “புதுசா எடுத்திருக்காங்க. நீ கேக்கணும்.” அதற்கு மேல் பேசவில்லை. மனைவி சொன்னது நினைவிருந்தது. தட்டு பேசட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊசி இறங்கியது. ஓடி ஒளி, ஓடி ஒளி, என் கண்ணே. குரல் நல்ல குரல், குழைந்து குழைந்து வந்தது. அவர் மகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முழுக்கக் கேட்டாள். முகத்தில் ஏதோ இளகியது. கடைசியில் மெல்லச் சிரிக்கவும் செய்தாள்.

“பாவம், இந்தப் பொண்ணுக்கு ழ வரலியேப்பா” என்றாள். “நல்ல குரல். யாராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்.”

அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். “அது ழ இல்லம்மா. அதுதான் சரி. நான் எழுதினதே ஒளிதான். உனக்காக எழுதினது. நீ கதவுக்குப் பின்னால...”

“அப்பா.” கோபமாகச் சொல்லவில்லை. வயதானவரிடம் பேசுகிற பொறுமையோடு சொன்னாள். “அன்னைக்கு மேடையில எல்லார் முன்னாலயும் ஒண்ணு சொன்னீங்க. இப்ப எனக்காக மாத்திச் சொல்ல வேண்டாம். அதெல்லாம் எனக்கு ஆறிப்போச்சு.”

மருமகன் எழுந்தார். நல்ல மனிதர். மாமனார் மனம் நோகக் கூடாது என்று நினைத்தார். “என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராது மாமா. நம்மகிட்ட பழைய பிளேட்டு இருக்கு” என்று அலமாரியிலிருந்து அதை எடுத்துத் துடைத்துப் போட்டார்.

கீறல் சத்தத்துக்கு நடுவில் வெண்கலத்தின் குரல் எழும்பியது. ஓடி ஒழி, ஓடி ஒழி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தாடை வலிக்கப் பழகிய ழகரம், அத்தனை வருஷம் கழித்தும் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

“கேளுங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு” என்றாள் மகள். “இவங்களுக்கு நீங்கதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க?”

“ஆமாம்மா” என்றார். “நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”